சேவல் சர்மா ஆன கதை
அரவிந்த் அடிகாவின் ‘தி ஒயிட் டைகர்’ நாவலை முன்வைத்து

முதலாளியை உடைந்த விஸ்கி பாட்டிலால் குத்திக் கொன்றுவிட்டு, ஏழு லட்ச ரூபாய்ப் பையோடு டெல்லியிலிருந்து பெங்களூருக்கு ஓடிவருகிறான் ஒரு கார் டிரைவர். அங்கே தானே ஒரு முதலாளி ஆகிறான். கால்சென்டர்களில் ராத்திரி வேலை பார்க்கிறவர்களை ஏற்றி இறக்க டாக்சிக் கம்பெனி நடத்துகிறான். சீனப் பிரதமர் வென் ஜியாபாவோ பெங்களூருக்கு வரப்போகிறார் என்று ரேடியோவில் கேட்டதும், சரவிளக்குக்கு அடியில் உட்கார்ந்து அவருக்குக் கடிதம் எழுத ஆரம்பிக்கிறான். ஏழு ராத்திரி எழுதுகிறான். தான் பிறந்த கதை, டிரைவர் ஆன கதை, கொலை செய்த கதை எல்லாம் அதில் வருகிறது. பதில் வருவதில்லை. பதிலை அவன் எதிர்பார்த்த மாதிரியும் தெரியவில்லை.

இதுதான் ‘தி ஒயிட் டைகர்’ நாவல். 2008இல் வந்தது. அந்த வருசமே புக்கர் பரிசு வாங்கியது. எழுதிய அரவிந்த் அடிகா 1974இல் சென்னையில் பிறந்தவர், மங்களூரில் வளர்ந்தவர், ‘டைம்’ பத்திரிகையில் நிருபராக இருந்தவர். 2021இல் ரமின் பஹ்ரானி இதைப் படமாக எடுத்தார். கடிதத்தைப் படம் மின்னஞ்சலாகவே காட்டுகிறது. வென் ஜியாபாவோ 2005 ஏப்ரலில் நெசமாகவே பெங்களூருக்கு வந்துபோனவர். அந்த உண்மைச் செய்தியின் முதுகில் ஏறிக்கொண்டுதான் இந்தப் பொய்க்கடிதம் புறப்படுகிறது.

படம் வந்தபிறகு நம்ம இளைஞர்கள் மத்தியில் இந்தக் கதைக்கு ஒரு மவுசு உண்டாகியிருக்கிறது. பல்ராம் ஹல்வாய் என்கிற அந்த டிரைவரை ஒடுக்கப்பட்டவர்களின் கலகக்காரன் என்கிறார்கள், தலித் நாயகன் என்றே சொல்கிறவர்களும் உண்டு. இன்னொரு பக்கம் அடிகா என்ற பெயரைப் பார்த்ததுமே ‘பார்ப்பான் எழுதினது, நமக்கெதுக்கு’ என்று தள்ளிவிடுகிறார்கள். ரெண்டுமே வாசிக்காமல் தப்பிக்கிற வழி. இந்தப் பிரதியில் நமக்குத் தெரிந்த உண்மைகள் நிறைய இருக்கின்றன. அவை எந்த இடத்தில் வந்து நின்றுவிடுகின்றன என்று பார்ப்பது நம்ம வேலை.

மனுவும் கடிதமும்

முதலில் இந்த நாவலின் வடிவத்தைப் பேசுவோம். மேலே இருக்கிறவனுக்குக் கீழே இருக்கிறவன் எழுதுகிற கடிதம் நமக்கு அந்நியமான சங்கதி இல்லை. அதற்கு நம்மிடம் ஒரு பெயர் இருக்கிறது: மனு. திங்கட்கிழமையானால் கடமலைக்குண்டிலிருந்தும் மயிலாடும்பாறையிலிருந்தும் வருசநாட்டிலிருந்தும் விடியக்காலை பஸ்சைப் பிடித்து, கண்டமனூர் விலக்கு வழியாகத் தேனி கலெக்டர் ஆபீசுக்குப் போகிற பொம்பளைகள் கையில் பார்க்கலாம். பட்டா வேணும், சுடுகாட்டுக்குப் பாதை வேணும், தண்ணீர்த் தொட்டி வேணும். மனுவுக்கென்று ஒரு இலக்கணம் இருக்கிறது. மேலே ‘ஐயா’, நடுவில் குறை, கீழே ‘தாங்கள் கருணை கூர்ந்து’. நூறு வருசமாக அந்த இலக்கணம் மாறவில்லை. எழுதுகிறவனைக் கூனவைக்கிற இலக்கணம் அது.

பல்ராமின் கடிதம் இந்த இலக்கணத்தை எடுத்துத் தலைகீழாக்குகிறது. வார்த்தைக்கு வார்த்தை ‘ஐயா’ போடுகிறான். விருந்தாளி மனம் கோணாமல் நடந்துகொள்கிற வேலைக்காரக் குரலில் பேசுகிறான். அதே குரலில் கொலையை ஒத்துக்கொள்கிறான், போலீசுக்குக் கொடுத்த லஞ்சத்தைச் சொல்கிறான், தேடப்படும் குற்றவாளி என்று தன் படம் போட்டு ஒட்டிய போஸ்டரில் என்னென்ன தப்பாக இருக்கிறது என்று திருத்துகிறான். கேட்கிறதுக்கு மட்டும் ஒன்றுமில்லை. எதையும் கேட்காத மனு இது. நாவலின் கறுப்புச் சிரிப்பு பிறக்கிற இடம் இதுதான். குனிந்த முதுகோடு ஒருவன் நிமிர்ந்த விசயத்தைப் பேசும்போது நமக்குச் சிரிப்பும் வருகிறது, கூடவே வயிற்றைக் கலக்கவும் செய்கிறது.

இன்னொரு கடிதமும் இந்த நாவலுக்குள் இருக்கிறது, அதைப் பலபேர் கவனிப்பதில்லை. பல்ராமின் பாட்டி குஸும் ஊரிலிருந்து எழுதச் சொல்லிக் கொடுத்தனுப்பிய கடிதம். எழுதத் தெரியாத கிழவி இன்னொருத்தர் கையால் எழுதவைத்து, பேரப்பையன் தரம் கையில் கொடுத்து டெல்லிக்கு அனுப்புகிறாள். பணம் அனுப்பலை, கல்யாணம் பண்ணிக்கலை என்று மிரட்டல் கலந்த புலம்பல். சேரியிலிருந்து பிழைக்கப்போன எந்தப் பையனுக்கும் இப்படி ஒரு கடிதமோ போனோ வராமல் இருந்திருக்காது. பாட்டிக்குப் பல்ராம் பதில் எழுதியதாகக் கதையில் இல்லை. உலகத்தில் ரொம்பப் பெரிய நாற்காலி ஒன்றில் இருந்தவருக்கு ஏழு ராத்திரி எழுதுகிறவனுக்கு, கூண்டுக்குள் கிடக்கிற சொந்தக் கிழவிக்கு நாலு வரி எழுத முடியவில்லை. நாவலை விளங்கிக்கொள்ள இதை மறக்காமல் வைத்துக்கொள்ள வேணும்.

கூண்டு

இந்த நாவலில் ரொம்பப் பேசப்பட்ட உருவகம் கோழிக்கூண்டு. பழைய டெல்லிக் கடைத்தெருவில் கம்பிக் கூண்டுக்குள் சேவல்களை அடைத்து வைத்திருக்கிறான். கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக அறுக்கிறான். ரத்த வாடை அடிக்கிறது. அடுத்தது தானென்று அவைகளுக்குத் தெரியும். இருந்தும் கூண்டை உடைக்க ஒரு சேவலும் முயல்வதில்லை. இந்த நாட்டு வேலைக்காரர்களும் அப்படித்தான் என்கிறான் பல்ராம். வைரப் பெட்டியைக் கொடுத்தனுப்பினாலும் ஒரு வேலைக்காரன் எடுத்துக்கொண்டு ஓடமாட்டான். ஏன்? ஓடினால் ஊரிலே அவன் குடும்பத்தை அடித்துக் கொன்று கொளுத்திவிடுவார்கள். குடும்பத்தைப் பலிகொடுக்கத் துணிந்தவன் மட்டும்தான் கூண்டை உடைக்க முடியும். அப்படிப்பட்ட பிராணிதான் தலைமுறைக்கு ஒன்றாகப் பிறக்கிற வெள்ளைப் புலி. தான் அது என்கிறான்.

இதில் பாதி உண்மை. பயம் என்பது ஒரு ஆளின் மனசுக்குள் மட்டும் இருப்பதில்லை, அவன் பெண்டாட்டி பிள்ளை உட்கார்ந்திருக்கிற குடிசைக் கூரையில் இருக்கிறது என்பதை அடிகா சரியாகப் பிடித்திருக்கிறார். ஒரு காட்சி வருகிறது. முதலாளி பெண்டாட்டி குடித்துவிட்டுக் காரோட்டி, ரோட்டில் போன ஏழைப் பிள்ளையை அடித்துவிடுகிறாள். பழி டிரைவர் தலையில். ‘நான்தான் ஓட்டினேன்’ என்று பல்ராமிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். அவன் குடும்பத்தில் ஒருத்தரே சாட்சி. பேரன் ஜெயிலுக்குப் போகச் சம்மதிக்கிறது பாட்டிக்குப் பெருமை என்று அவனிடமே சொல்கிறார்கள். டிரைவர் வேலைக்குப் போகிற நம்ம பயலுகளுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்கத் தேவையில்லை.

மற்றப் பாதியில்தான் கோளாறு. சேவல்கள் ஒருபோதும் கூண்டை உடைக்க முயன்றதில்லை என்று பல்ராம் சொல்வதை நாவல் எங்கேயும் மறுப்பதில்லை. நக்சல்கள் கதையின் ஓரத்தில் வதந்தி மாதிரி வந்துபோகிறார்கள், அம்புட்டுதான். ஆனால் பல்ராம் பிறந்ததாகச் சொல்லப்படுகிற அந்த மத்திய பீகார் எப்படிப்பட்ட பூமி? 1997 டிசம்பர் 1 அன்று ராத்திரி, லட்சுமண்பூர் பாத்தேயில் 58 தலித்துகளை ரன்வீர் சேனா சுட்டுக்கொன்றது. பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். எதுக்காக? எந்த டிரைவரும் எந்த முதலாளியையும் அறுத்துவிட்டு ஓடியதற்காக இல்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் கூலிக்காரர்கள் சங்கம் சேர்ந்ததற்காக, கூலி கேட்டதற்காக, நிலம் கேட்டதற்காக. கீழ்க்கோர்ட் தண்டித்த 26 பேரையும் 2013 அக்டோபரில் பாட்னா உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. நம்ம கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். அதுவும் கூலிக்காகச் செங்கொடி பிடித்ததற்காகத்தான்.

ஆக, குடும்பத்தோடு கொளுத்துவது உண்மை. அது யாருக்கு நடந்தது என்பதில்தான் நாவல் வரலாற்றை மாற்றிப் போடுகிறது. கூண்டில் கிடந்தவர்கள் சேர்ந்து கூண்டை உடைத்தபோதுதான் ஊரையே கொளுத்தினார்கள். அவர்கள் ஆயிரக்கணக்கில் உடைத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். தலைமுறைக்கு ஒரு புலிதான் பிறக்கும் என்பது, மற்றவர்கள் எல்லாம் கோழிகள் என்று சொல்வதற்கு மரியாதையான வழி.

தொப்பையும் சாதியும்

இனி முக்கியமான விசயம். பல்ராம் ஒரு கணக்குச் சொல்கிறான். ஒரு காலத்தில் இந்த நாட்டில் ஆயிரம் சாதி இருந்ததாம். 1947 ஆகஸ்ட் 15இல் மிருகக்காட்சிச் சாலைக் கூண்டெல்லாம் திறந்துவிட்டார்களாம். பெரியது சின்னதைத் தின்று, கடைசியில் மிஞ்சியது ரெண்டே சாதியாம்: பெருந்தொப்பைக்காரன், ஒட்டின வயித்துக்காரன். கேட்க ருசியாகத்தான் இருக்கிறது. மேடையில் சொன்னால் கைதட்டு விழும். ஆனால் இந்த நாவலின் கதையே இந்தக் கணக்கைப் பொய்யாக்குகிறது.

பல்ராம் யார்? ஹல்வாய். இனிப்புப் பலகாரம் செய்கிற சாதி. பீகாரில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறது. சாதித் தொழில் கைவிட்டுப் போய் அப்பன் ரிக்‌ஷா இழுத்து, காசநோயில், டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரியில் செத்துப்போகிறான். வறுமையில் சந்தேகமில்லை. அவனை வேலைக்குச் சேர்க்கும்போது ‘நாரை’ என்று பட்டப்பெயர் வைத்த பண்ணையார் கேட்கிற கேள்வி, ஹல்வாய் என்றால் மேலா கீழா என்பது. கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போன இடத்திலும் சாதிதான் முதல் கேள்வி. தொப்பைதான் சாதி என்றால் இந்தக் கேள்விகளுக்கு அங்கே என்ன வேலை?

எங்க பக்கத்துப் படிப்பகம் ஒன்றில் ஒரு சாயங்காலம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்களில் பாதிப்பேர் ஆக்டிங் டிரைவர்கள், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர்கள். பல்ராம் பண்ணையார் வீட்டுக்குள்ளே போய், கிழவர் காலை வெந்நீரில் வைத்துப் பிடித்துவிடுகிறான் என்று சொன்னபோது ஒரு பையன் குறுக்கே பேசினான்: “அக்கா, அவன் வீட்டுக்குள்ள வரைக்கும் போயிருக்கான்ல? நம்மளன்னா கார் ஷெட்டோட நிறுத்திருவாய்ங்க.” நாவலைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிக் குவித்த விமர்சனங்களில் நான் காணாத விமர்சனம் அது.

அவன் சொன்னதை யோசித்துப் பாருங்கள். ஹல்வாய் கை பட்ட லட்டை எல்லாச் சாதியும் வாங்கித் தின்னும். அவன் முதலாளியின் காலைத் தொடலாம், அடுப்படிக்குள் போகலாம், டம்ளரை எடுத்துக் கொடுக்கலாம். முதலாளி அசோக் அவன் தோளில் கை போடலாம். அந்த நெருக்கத்திலிருந்துதான் நாவலின் மொத்த நாடகமும் முளைக்கிறது: முதலாளியைப் போலவே உடுத்திப் பார்க்கிறது, அவன் வாசனையை முகர்ந்து பார்க்கிறது, அவனை நேசிக்கிறோமா வெறுக்கிறோமா என்று தனக்கே தெரியாமல் போவது. பல்ராமை ஒரு தலித்தாக வைத்து எழுதியிருந்தால் கதை ரெண்டாம் ராத்திரியோடு வாசல்படியிலேயே நின்றுபோயிருக்கும். சாதி இல்லாமல் இந்தக் கதை நடக்காது. நடத்திவிட்டு, சாதி என்பது இப்போது தொப்பைதான் என்கிறது.

பல்ராம் சின்ன வயசில் டீக்கடையில் கரி உடைக்கிறான், மேசை துடைக்கிறான். டீக்கடை என்றதும் நமக்கு ரெட்டை டம்ளர் ஞாபகம் வரும். நாவலின் டீக்கடையில் அந்தப் பேச்சே இல்லை. அந்தக் கடைக்காரன் வேலைக்காரப் பையன்களின் ஓட்டுகளைக் கட்சிக்காரனிடம் விற்கிறான், பல்ராம் பிறந்தநாள்கூட ஓட்டு வயசுக்குத் தோதாகத் தீர்மானிக்கப்படுகிறது. நல்ல கிண்டல். ஆனால் ஓட்டு எப்படிப் பறிபோகிறது என்பது எங்களுக்கு வேறு மாதிரித் தெரியும். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி. தலித்துகளுக்கு ஒதுக்கின ஊராட்சித் தலைவர் பதவிக்கு 1996லிருந்து 2006 வரை ஒழுங்காகத் தேர்தல் நடத்தவிடவில்லை. மனுப்போட்டு ஜெயித்த ஆளையும் பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்யவைத்தார்கள். தடுத்தவர்களில் பெருந்தொப்பையும் இருந்தது, ஒட்டின வயிறும் இருந்தது. கூலிக்குப் போகிறவனும் கூடச் சேர்ந்துதான் தடுத்தான். சாதி உழைப்பைப் பங்குபோடவில்லை, உழைக்கிறவர்களையே அடுக்கடுக்காகப் பங்குபோட்டிருக்கிறது என்று அம்பேத்கர் 1936இலேயே விளக்கியது இதைத்தான். சேவல்கள் கூண்டை உடைக்காததற்குக் குடும்பப் பயம் ஒரு காரணம் என்றால், தனக்குக் கீழ்த்தட்டில் இன்னொரு சேவல் கிடக்கிறது என்கிற சந்தோசம் இன்னொரு காரணம்.

நாவலுக்கு இது அடியோடு தெரியாது என்று சொல்ல முடியாது. மூத்த டிரைவர் ராம் பெர்சாத், இந்துப் பெயர் வைத்துக்கொண்டு வேலை பார்க்கிற முஸ்லிம். பல்ராம் அதைக் கண்டுபிடித்து அவனை விரட்டிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கிறான். ஒரு சேவல் இன்னொரு சேவலைக் கொத்துகிற அந்தப் பக்கங்கள்தான் நாவலில் ஆக உண்மையானவை. மதத்தில் இதைக் காட்டத் தெரிந்தவருக்குச் சாதியில் காட்ட மனசு வரவில்லை. கதையை நகர்த்துகிற பாத்திரங்களில் ஒருத்தர்கூட தலித் இல்லை.

கறுப்பர்களிடம் வாங்கிய கடன்

அடிகா தனக்கு ஆதர்சமாகச் சொன்னவர்கள் மூன்று அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர்கள்: ரிச்சர்ட் ரைட், ரால்ஃப் எல்லிசன், ஜேம்ஸ் பால்ட்வின். கறுப்பர் இலக்கியம் நமக்கும் உறவுதான். 1972இல் மராட்டியத்தில் தலித் பாந்தர்கள் அந்தப் பெயரையே அங்கிருந்துதான் எடுத்தார்கள். ரைட்டின் ‘நேட்டிவ் சன்’ (1940) நாவலில் பிக்கர் தாமஸ் என்கிற கறுப்பு இளைஞன் பணக்கார வெள்ளைக்காரர் வீட்டுக்குக் கார் டிரைவராகப் போகிறான், முதலாளி மகளைக் கொன்றுவிடுகிறான். எல்லிசனின் ‘இன்விசிபிள் மேன்’ (1952) நாயகன் நிலவறைக்குள் 1,369 பல்புகளை எரியவிட்டுக்கொண்டு தன் கதையைச் சொல்கிறான். டிரைவர், கொலை, விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து சொல்கிற கதை: எல்லாம் அங்கிருந்து இங்கே வந்திருக்கிறது.

வராமல் போனது ஒன்று. பிக்கர் கொலைகாரன் ஆவதற்கு முன்னாலேயே அவன் கறுப்பன். அந்த நாவலில் ஒவ்வொரு கதவும் அவன் நிறத்தைப் பார்த்துத்தான் திறக்கிறது, மூடுகிறது. ரைட் அதை வயிறு என்றோ வசதி என்றோ மாற்றிச் சொல்லவில்லை. நிறம் என்று பெயர் சொல்லி எழுதினார். இந்த மண்ணுக்கு அந்தக் கதையைக் கொண்டுவருகிறவர் நிறம் இருந்த இடத்தில் சாதியை வைத்திருக்க வேணும். தொப்பையை வைத்துவிட்டார். லண்டனில் வாசிக்கிறவனுக்குத் தொப்பை சுலபமாகப் புரியும். எந்த ஊர்க்காரனுக்கும் புரியும். அதனால்தான் அது உலகத்தையும் சுற்றியது. சாதியை எழுதியிருந்தால் வாசிக்கிறவன் கொஞ்சம் சிரமப்பட்டிருப்பான், இங்கே இருக்கிற ஆங்கில வாசகன் கொஞ்சம் நெளிந்திருப்பான்.

பெயர்

பல்ராமுக்கு மொத்தம் நாலு பெயர். வீட்டில் வெறும் முன்னா, அதாவது பயல். பெயர் வைக்கக்கூட நேரமில்லாத வீடு. பள்ளிக்கூட வாத்தியார் பல்ராம் என்று வைக்கிறார். சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் வெள்ளைப் புலி என்கிறார். கடைசிப் பெயரை அவனே வைத்துக்கொள்கிறான்: அசோக் சர்மா. கொன்ற முதலாளியின் பெயர் பாதி, பார்ப்பனப் பட்டம் பாதி.

விமர்சகர்கள் இதைச் சிரித்துவிட்டுக் கடந்துபோனார்கள். எனக்கு இதுதான் நாவலின் முடிவு. கூண்டை உடைத்த சேவல் வெளியே வந்து என்னவாகிறது? சர்மா ஆகிறது. தொப்பைக்கும் வயிற்றுக்கும் இடையில்தான் சண்டை என்றால் பணக்கார ஹல்வாயாகவே இருந்திருக்கலாம். ஒளிந்து திரிகிறவனுக்குப் புதுப்பெயர் தேவைதான், ஆயிரம் பெயர் இருக்க இது ஏன்? போலீஸ் சந்தேகப்படாத பெயர், வாடகைக்கு வீடு கிடைக்கிற பெயர், கம்பெனிக்காரன் கைகுலுக்குகிற பெயர் எது என்று அவனுக்குத் தெரியும். சாதி செத்துவிட்டது என்று கடிதம் எழுதுகிறவனின் கம்பெனியிலேயே சாதி உயிரோடு இருக்கிறது. இதை அடிகா வேணுமென்றே வைத்தாரா, கைதவறி வைத்தாரா என்பது நமக்கு வேண்டாம். நாவல் உண்மையை உளறிவிடுகிற இடம் இது.

இதற்குப் பக்கத்தில் நம்ம வரலாற்றில் ஒரு கடிதத்தை வைத்துப் பார்க்க வேணும். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரில் சென்னையிலிருந்து பத்திரிகை தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லித் துப்பினார்களோ அதையே தலைப்பில் அச்சடித்தார். அதே வருசம், ஐ.சி.எஸ். பரீட்சையை இந்தியாவிலும் நடத்தக்கூடாது, நடத்தினால் மேல்சாதிக்காரர்களே அதிகாரம் முழுக்கப் பிடித்துக்கொள்வார்கள் என்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார். அதில் கையெழுத்துப் போட்டவர்கள் 3,412 பேர். அதுவும் கடல் தாண்டி இருக்கிற அதிகாரத்துக்கு எழுதின கடிதம்தான். ஆனால் ஒரு ஆள் சரவிளக்குக்கு அடியில் தனியாக எழுதினதில்லை. எழுதத் தெரிந்தவரும் தெரியாதவருமாக மூவாயிரத்துச் சொச்சம் பேர் சேர்ந்து அனுப்பியது. பெயரை மறைத்து எழுதினதில்லை, பெயரைச் சொல்லி எழுதியது.

மனுக் கொடுத்தால் எல்லாம் கிடைத்துவிடும் என்று சொல்ல வரவில்லை. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் கூட இருந்தவர்களும் மதுரைக் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டு ஊர் திரும்புகிற வழியில்தான் பஸ்சில் வைத்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மனுவின் விலை என்னவென்று நமக்குத் தெரியும். அதைத் தெரிந்தும் பொம்பளைகள் திங்கட்கிழமை பஸ் ஏறுகிறார்கள். பல்ராம் கதையில் இந்தப் பொம்பளைகள் இல்லை. அவன் கதையில் பெண் என்றால் செத்துப்போன தாய், காசு பிடுங்குகிற பாட்டி, குடித்துவிட்டுக் காரோட்டுகிற எசமானி. கூண்டுக்குக் காவல் இருக்கிறவர்களாகத்தான் பெண்கள் வருகிறார்கள், உடைக்கிறவர்களாக ஒருத்தியும் இல்லை.

யாரைப் பார்த்துச் சிரிப்பு

சிரிப்பைக் குறை சொல்லவில்லை. கண்ணீரும் கம்பலையுமாக எழுதினால்தான் தலித் இலக்கியம் என்று நினைக்கிறவர்கள் பாமாவின் ‘கிசும்புக்காரன்’ (1996) கதைகளை வாசிக்க வேணும். பண்ணையார்களைக் குத்தலும் நையாண்டியுமாகக் கவிழ்த்துப்போடுகிற சனங்கள் அதில் இருக்கிறார்கள். ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ (2002) தன்னையே நக்கலடித்துக்கொண்டு, சாதியையும் மதத்தையும் படிப்பையும் உரித்துக் காட்டுகிற நாவல். ரெண்டிலும் சிரிப்பு உள்ளேயிருந்து வருகிறது. சிரித்து முடித்தபிறகும் சிரித்தவர்கள் தெருவில் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பல்ராமின் சிரிப்பு வேறு. மந்திரிகளையும் பண்ணையார்களையும் அடிக்கிற அதே கையால் அது ஊர்ச் சனத்தையும் அடிக்கிறது. புத்தர் அந்த ஊர் வழியாக நடந்துபோனார் என்கிறார்கள், தலைதெறிக்க ஓடியிருப்பார் என்பது பல்ராம் எண்ணம். சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் 1956 அக்டோபர் 14இல் லட்சக்கணக்கானவர்கள் அந்தப் புத்தரைத் தேடி நாக்பூரில் கூடினார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு பாதியிலேயே தொண்டையில் நின்றுவிடும். அவர்களில் யாரும் தனியாக ஓடவில்லை.

அடிகாவுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேணும். பல்ராம் முதலாளி ஆனபிறகு அவனுடைய வண்டி ஒரு பையனை அடித்துக் கொன்றுவிடுகிறது. டிரைவர் மேல் பழி போடாமல் தானே முன்னால் நிற்கிறான், செத்த பையன் வீட்டுக்குப் போய்ப் பணம் கொடுக்கிறான், தம்பிக்கு வேலை தருகிறேன் என்கிறான். பழைய முதலாளியைவிட நல்ல முதலாளி. ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வைக்கிற ஆசையும் இருக்கிறது. கேசு நடக்காதபடி போலீசையும் முன்கூட்டியே கவனித்து வைத்திருக்கிறான். நல்ல முதலாளி எம்புட்டுத் தூரம் போகமுடியுமோ அம்புட்டுத் தூரத்தையும் நாவல் நேர்மையாகக் காட்டிவிடுகிறது. செத்த பையன் திரும்பி வருவதில்லை.

நம்ம பயலுக வருசநாட்டிலிருந்தும் கடமலைக்குண்டிலிருந்தும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் ஸ்டீயரிங் பிடிக்கப் போகிறார்கள். பல்ராம் உட்கார்ந்து எழுதின ஓசூர் ரோட்டில் அவர்களும் ராத்திரி வண்டி ஓட்டுகிறார்கள். அவர்கள் கையில் இந்த நாவலைக் கொடுக்கலாம், கொடுக்க வேணும். எசமான் வீட்டுக்குள் என்ன நடக்கிறது, விசுவாசம் எப்படித் தயாராகிறது, ஒரு மனுசன் எப்படித் தன்னைத்தானே வேலைக்காரனாக வைத்துக்கொள்கிறான் என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன இந்திய ஆங்கில நாவல்கள் குறைவு. கொடுக்கும்போது கூடவே ரெண்டு கேள்வியையும் கொடுத்தனுப்ப வேணும். வெளியே வந்தவன் ஏன் சர்மா ஆனான்? ஏழு ராத்திரி எழுதினவன் குஸும் பாட்டிக்கு ஏன் ஒரு வரி எழுதவில்லை?